சி நிரலில் மேக்ரோவா, அந்தந்த இடத்திலேயே எழுதிவிடலாமா?

செமிகோலன்:
பழைய சி புராஜெக்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஹெடர் ஃபைலைத் திறந்தால் மேக்ரோ (பெயர் வரும் இடத்தில் அதற்குரிய கோடை கம்பைலுக்கு முன்பே அப்படியே ஒட்டிவிடும் #define) மேல் மேக்ரோ. பிட்டை ஆன் பண்ண ஒன்று, ஆஃப் பண்ண ஒன்று, இரண்டில் பெரியதை எடுக்க ஒன்று, இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வரும் மதிப்பு நெகட்டிவாக இருந்தால் அங்கிருந்தே ரிட்டர்ன் ஆகிவிடும் ‘செக்’ மேக்ரோ ஒன்று எங்கே பார்த்தாலும் நிற்கிறது. படிக்கும்போது வரிசையாக நாலு ஃபங்ஷன் ஓடுவது போலத்தான் தெரியும், நடுவில் வெளியேறும் வழி இருப்பது கண்ணிலேயே படாது. பேசாமல் இஃப் போட்டு நேரடியாக எழுதிவிடலாம் என்றேன். கோட் நீண்டுவிடும், வேகமும் குறையும் என்கிறார் சீனியர். உங்கள் கருத்து என்ன?

சுட்டி99:
வேகத்தை விடுங்கள். ஓ2 (-O2, வேகத்துக்காக மேம்படுத்தும் ஆப்ஷன்) போட்டு கம்பைல் பண்ணினால் சின்ன ஸ்டேடிக் ஃபங்ஷன்களை (அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரிபவை) ஜிசிசி கம்பைலர் தானாகவே இன்லைன் பண்ணிவிடும், அதாவது கூப்பிடாமல் அதன் கோடை அந்த இடத்திலேயே வைத்துவிடும், ‘இன்லைன்’ என்ற சொல்லை நீங்கள் எழுதக்கூட வேண்டாம்.

உங்கள் ‘பெரியது எது’ மேக்ரோவைத்தான் நான் முதலில் தூக்குவேன். அதற்குள் ஐ++, ஜே என்று கொடுத்துப் பாருங்கள். ஐ 5, ஜே 3 என்றால் விடை 5 வர வேண்டும். வருவது 6, ஐ-யும் 7 ஆகியிருக்கும், ஏனென்றால் ஐ++ ஒப்பிடும்போது ஒரு தடவை, விடையாக எடுக்கும்போது இன்னொரு தடவை ஓடுகிறது. எத்தனை அடைப்புக்குறி போட்டாலும் இது தீராது. ஃபங்ஷனாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, டைப்பும் சரிபார்க்கப்படும்.

ஹெடர்_கார்டு:
அதற்காக எல்லா மேக்ரோவையும் துடைத்துவிடாதீர்கள். கூப்பிட்ட இடத்தின் ஃபைல் பெயரும் வரி எண்ணும் லாகில் வர வேண்டுமென்றால் மேக்ரோதான். ஈனம் (enum, பெயரிட்ட எண்களின் தொகுப்பு) ஒன்றும் அதற்கான பெயர்ப் பட்டியலும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டுமென்றால் எக்ஸ்-மேக்ரோ (ஒரே பட்டியலை வெவ்வேறு விதமாக விரிக்கும் முறை) அருமையான ஏற்பாடு, கையால் எழுதினால் ஏதாவது ஒன்றில் புதியதைச் சேர்க்க மறந்துவிடுவோம்.

ஆனால் அந்த ‘செக்’ விஷயத்தில் நான் உங்கள் பக்கம். லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே, ஓட்டத்தை மாற்றும் மேக்ரோவைத் தவிர்க்கச் சொல்கிறது. மேலே மாலாக் (malloc) பண்ணி மெமரி வாங்கி வைத்திருப்பீர்கள், நடுவில் மேக்ரோ சத்தமில்லாமல் ரிட்டர்ன் ஆகும், மெமரி லீக். இஃப் எழுதி, கோட்டூ (goto) போட்டு, கீழே ஒரு லேபிளில் எல்லாவற்றையும் ஃப்ரீ பண்ணுங்கள். நாலு வரி கூடினால் கூடட்டும்.

செமிகோலன்:
சரி, ‘செக்’கை முதலில் எடுக்கிறேன், லாக் மேக்ரோ அப்படியே இருக்கட்டும். அப்புறம் ‘பெரியது எது’வை ஹெடரிலேயே இன்லைன் என்று மட்டும் போட்டு ஃபங்ஷனாக்கினேன். டீபக் பில்டில் மட்டும் லிங்கர் அந்தப் பெயரே இல்லை என்கிறதே?

சுட்டி99:
முன்னால் ஸ்டேடிக் சேருங்கள். வெறும் இன்லைன் என்றால் சி99 விதிப்படி வெளியே கூப்பிடக்கூடிய நகல் அந்த ஃபைலில் உருவாகாது. ஓ2-வில் இன்லைன் ஆகிவிடுவதால் தெரியாது, மேம்படுத்தல் இல்லாத டீபக் பில்டின் ஓ0-வில் (-O0) நிஜமாகவே கூப்பிடப் போகும்போது லிங்கர் தேடிவிட்டுக் கையை விரிக்கிறது. மிச்சமிருக்கும் மேக்ரோக்களை டீபக்கரில் விரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஜி3 (-g3) கொடுத்து கம்பைல் பண்ணுங்கள், வெறும் ஜி (-g) போட்டால் ஜிடிபி டீபக்கருக்கு அவை தெரியாது.