ஒன்றுவிட்டு ஒன்று ஓடும் தொடர்கள்: உங்க அனுபவம் சொல்லுங்க

கடைசிபெஞ்சு:
குரூப் 4 தேர்வு. 3, 10, 5, 13, 7, 16, 9, ? வித்தியாசம் எடுத்தேன். +7, −5, +8, −6. ஏறி ஏறி இறங்குதேன்னு அதை விட்டுட்டு வர்க்கம், கனம், பகா எண்ணுன்னு அலைஞ்சேன். மணி அடிக்கும்போதுதான் 3, 5, 7, 9 மட்டும் தனியா கண்ணுல பட்டுச்சு. நடுவுல 10, 13, 16. விடை 19. வட்டத்தைக் கருப்பாக்க நேரமில்ல. நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது.

கணக்குடீச்சர்:
தம்பி, வித்தியாசம் எடுத்தது தப்பில்லை, பாதியில விட்டதுதான் தப்பு. +7, +8, +9 ஒரு கூட்டுத்தொடர். −5, −6, −7 இன்னொண்ணு. அடுத்தது +10, அதுவும் 19-க்குத்தான் கொண்டுபோகும்.

என் வகுப்புல ஒரு பொண்ணு, "டீச்சர், 1, 2, 3, 4, 5, 6 கூட ரெண்டு தொடர் பின்னினதுதானே?"ன்னு கேட்டா. சாக்பீஸோட அப்படியே நின்னுட்டேன்.

தேர்வு எழுதறவங்க ஒண்ணு செய்யுங்க. ஒற்றைப்படை இடத்து எண்களை மேல் வரியில, இரட்டைப்படை இடத்து எண்களைக் கீழ் வரியில எழுதுங்க. சரிபார்க்க, ரெண்டு இடம் முன்னாடி உள்ளதை இரட்டிப்பாக்கி, நாலு இடம் முன்னாடி உள்ளதைக் கழிங்க: 32 − 13 = 19. ஒவ்வொரு வரியிலும் மூணு எண்ணாவது இல்லாம விடை குறிக்காதீங்க. ரெண்டு எண்ணை வச்சு எந்தத் தொடரையும் கட்டிடலாம்.

மூணாம்இழை:
டீச்சர், ரெண்டு வரி எப்பவும் போதாது. எனக்கு வந்தது 1, 10, 4, 2, 20, 7, 3, 30, ? உங்க மாதிரியேதான் ரெண்டு வரியா எழுதினேன். மேலே 1, 4, 20, 3. ஒண்ணும் புரியல. அது மூணு இழை. விடை 10.

பேப்பர்பேனா:
எனக்கு இது தேர்வுல வரல. ஒரு எண்ணை எத்தனை விதமா கூட்டலாப் பிரிக்கலாம்னு கணித மேதை ஆய்லர் வழியில போட்டுட்டிருந்தேன். முந்தின எண்களுக்கு வந்த விடைகள்ல 1, 2 இடம் பின்னால போய்க் கூட்டணும், 5, 7 இடம் போய்க் கழிக்கணும், 12, 15 கூட்டணும், 22, 26 கழிக்கணும். 10-க்கு, 9, 8, 5, 3-க்கு வந்த விடைகளை வச்சு: 30 + 22 − 7 − 3 = 42. ராமானுஜனும் ஹார்டியும் இதே எண்ணிக்கைக்கு 1918-ல வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க மக்மஹோன்ங்கிற கணிதவியலாளர் 200 வரைக்கும் கையால போட்டாரே, அதே வழி.

இந்த 1, 2, 5, 7 எங்கிருந்து வருதுன்னு பிடிபடல. ராத்திரி 0-லேர்ந்து இடைவெளி எழுதிப் பார்த்தேன். 1, 1, 3, 2, 5, 3, 7, 4. ஒண்ணுவிட்டு ஒண்ணு படிச்சேன்: 1, 3, 5, 7. மிச்சம் 1, 2, 3, 4. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க, எழுப்பிச் சொல்ல ஆளில்ல.