ஆடிஷன் முடிந்து 9 நாட்கள்: விசாரிக்கலாமா, காத்திருக்கலாமா?

கோவைக்காரி:
வணக்கம். எனக்கு வயது 23. உள்ளூரில் இரண்டு பொட்டிக்குகளுக்கு மாடலாக நின்றதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. தியாகராய நகரில் உள்ள ஒரு பட்டுச் சேலைக் கடையின் தீபாவளி கேட்டலாகுக்காக வடபழனியில் நடந்த தேர்வுக்குச் சென்று வந்தேன். ஒப்பனையில்லாமல் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார்கள். பிறகு இரண்டு சேலைகளைக் கட்டச் சொல்லி, நடப்பதை வீடியோவிலும் பதிவு செய்துகொண்டு, "பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அன்றிரவே, மாடல்களை ஏற்பாடு செய்துகொடுக்கும் கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் நன்றி தெரிவித்தேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. 9 நாட்கள் ஆகிவிட்டன. "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் கதைதான் இது" என்கிறார் அம்மா. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நேரடியாகக் கேட்டுவிடலாமா?

பழைய உதவியாளர்:
கடையிடம் கேட்க வேண்டாம், தங்கச்சி. ஒரு கோஆர்டினேட்டரிடம் 6 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் என்பதால், அந்த 9 நாட்களில் பெரும்பாலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். தேர்வுக்கு வந்தவர்களின் படங்களில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, கோஆர்டினேட்டர் விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புவார். அவர்கள் அதை நான்கைந்தாகக் குறைத்துக் கடைக்காரருக்குக் காட்டுவார்கள். கடைக்காரர் குடும்பத்தில் அண்ணன் ஒருவரையும் தம்பி இன்னொருவரையும் விரும்பினால், அந்த இழுபறி தீரும் வரை கோஆர்டினேட்டரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே அவர் பதில் போடாததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவரைத் தாண்டிக் கடைக்கே எழுதினால், "இந்தப் பெண் நம்மைத் தாண்டிப் போகிறவள்" என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிடும். இந்த ஒரு கேட்டலாகோடு அது நிற்காது.

விசாரிப்பது தவறில்லை, வெறுங்கையோடு விசாரிப்பதுதான் வீண். "என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்கும் செய்திகள் அவருக்கு நாளொன்றுக்கு எத்தனையோ வரும். முடிவெடுக்க உதவும் புதிய தகவல் ஒன்று உங்கள் செய்தியில் இருந்தால் அதற்குப் பதில் கிடைக்கும். அப்படிப்பட்ட தகவல்களில் முதன்மையானது தேதி. தீபாவளி ஐப்பசியில் வருவதால், கேட்டலாக் படப்பிடிப்பை ஆவணி வாக்கில் முடித்துவிடப் பார்ப்பார்கள். கடைசி நேரத்தில் ஒரு மாடலின் கால்ஷீட் கிடைக்காமல் போனால், தேதி தெளிவாகச் சொல்லி வைத்திருப்பவரைத்தான் முதலில் அழைப்போம். தலைமுடியை வெட்டியிருந்தாலோ நிறம் மாற்றியிருந்தாலோ அதையும் சொல்லியே ஆக வேண்டும். நீளப் பின்னலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெண் தோள் வரை வெட்டிய முடியோடு செட்டுக்கு வந்து நின்ற நாளை நான் மறக்கவில்லை.

ராம்ப் அண்ணன்:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காத்திருக்கும் காலத்தில் வேறொரு சேலைக் கடையோ ஜவுளி நிறுவனமோ உங்களை அழைத்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் இந்தக் கோஆர்டினேட்டரிடம் தெரிவித்துவிடுங்கள். ஒரே பருவத்தில் ஒரே முகம் இரண்டு போட்டிக் கடைகளின் பதாகைகளில் தொங்குவதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார். ஒப்பந்தத்திலேயே அதற்குத் தடை போடுபவர்களும் உண்டு. "இன்ன தேதிக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று எழுதுவது நெருக்கடி கொடுப்பதாகாது, அது நேர்மை. ஆனால் அழைப்பே வராதபோது வந்ததாகக் கதை கட்ட வேண்டாம். இது சிறிய உலகம், கோஆர்டினேட்டர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.

தாய்மனம்:
என் மகளும் இதே துறையில் இருப்பதால் எழுதுகிறேன், அம்மா. நீங்கள் விசாரித்த பிறகு, "தேர்வாகிவிட்டீர்கள், உறுதி செய்யப் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்றோ, "எங்கள் ஆளிடமே போர்ட்ஃபோலியோ (மாடலின் படத் தொகுப்பு) எடுக்க வேண்டும்" என்றோ பதில் வந்தால், அத்துடன் நிறுத்திவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். இரவு 11 மணிக்குக் கூடுதல் படங்களைத் தனிப்பட்ட எண்ணுக்குக் கேட்டாலும் அனுப்பாதீர்கள். மறுநாள் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கேளுங்கள்.

கோவைக்காரி:
அனைவருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா? "வணக்கம் சார். தீபாவளி கேட்டலாக் தேர்வுக்கு வந்திருந்த கோயம்புத்தூர் மாடல் நான். தொந்தரவுக்கு மன்னிக்கவும். எனக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று தயவுசெய்து சொல்லுங்கள். ஆவணி மாதம் முழுவதும் வர இயலும்."

பழைய உதவியாளர்:
மன்னிப்பையும் கெஞ்சலையும் எடுத்துவிடுங்கள். ஆடிஷன் நடந்த தேதியையும் அன்று கட்டிய சேலையின் நிறத்தையும் எழுதினால், எந்தப் பெண் என்று தேடாமலே அவருக்கு நினைவு வரும். "மாதம் முழுவதும்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. வர முடியாத நாட்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் அவற்றைக் குறிப்பிட்டு, மற்ற நாட்களில் முதல் நாள் மாலையே சென்னை வந்துவிட முடியும் என்று எழுதுங்கள். வெளியூர்ப் பெண் காலை 6 மணிக்கு மேக்கப்புக்கு வந்து உட்காருவாளா என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. முன்பக்கம், பக்கவாட்டு, முழு உருவம் என்று ஒப்பனையில்லாத மூன்று புதிய படங்களையும் சேருங்கள். காலை 11 மணிக்கு மேல் அனுப்பிவிட்டு, படப்பிடிப்புக் காலம் கடக்கும் வரை மறுபடி எழுதாமல் இருங்கள்.

கோவைக்காரி:
மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. திருத்திவிட்டேன், அண்ணா, நாளை 11 மணிக்கு மேல் அனுப்புகிறேன்.