கழற்றிய பேரிங்கைக் கழுவுவதற்கு முன்: பராமரிப்பாளர்களின் அனுபவப் பகிர்வு

இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்

பாய்லர் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. ஃபேன் ஒன்றில், கப்ளிங் (மோட்டாருடன் இணைக்கும் இணைப்பு) பக்கத்துப் பேரிங் ஐந்து மாதங்களில் மூன்று முறை போனது. மூன்று முறையும் அறிகுறி ஒன்றுதான். அதிர்வு வினாடிக்கு 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி, யாரையும் பயமுறுத்தாத அளவில் நின்றது. வெப்பநிலை மட்டும் புதுப் பேரிங் போட்ட மறுநாளிலிருந்தே 90 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி நின்றது. சூடு என்றதும் கிரீஸ் கன்னைத் தேடுவது எங்கள் ஷிஃப்ட்டில் ஊறிப்போன பழக்கம். அளவுக்கு மீறி ஏற்றிய கிரீஸ், பேரிங் பெட்டிக்குள் போக இடமின்றிக் கடைபட்டுத் தானே சூட்டை உண்டாக்கும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆனாலும் நள்ளிரவில் மீட்டர் ஏறிக்கொண்டிருக்கும்போது எதுவும் செய்யாமல் நிற்க எவருக்கும் மனம் வருவதில்லை.

மூன்றாவதும் போனபோது, போலிச் சரக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஸ்டோர்ஸ் மீது பழி விழுந்தது. நானும் அதை நம்பினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காவது பேரிங்கும் அதே போலச் சூடேறத் தொடங்கியதால், அது உடையும்வரை காத்திராமல் ஒரு ஷட்டவுன் கேட்டு வாங்கினோம். கழற்றுவதற்கு முன் வெளிவளையத்தின் உச்சியில் பெயின்ட் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டேன். கழற்றியதும் டீசல் தட்டில் முக்கப் போன உதவியாளரைத் தடுத்து, பேரிங்கை அப்படியே மேசைக்குக் கொண்டுவரச் செய்தேன்.

எங்களுடையது குண்டுகளுக்குப் பதில் உருளைகள் கொண்ட ஸ்ஃபெரிக்கல் ரோலர் பேரிங். அதில் வெளிவளையத்தைக் கையால் சாய்த்தால், உருளைகள் ஓடிய தடத்தை நேராகவே பார்க்கலாம். கிடைமட்டமாக ஓடும் ஷாஃப்ட்டின் எடை கீழ்நோக்கி இருப்பதால், சுழலாமல் நிற்கும் வெளிவளையத்தில் தடம் கீழ்ப்பகுதியில்தான் விழ வேண்டும். எங்கள் வளையத்திலும் கீழே தடம் இருந்தது. ஆனால் அம்புக்குறிக்கு நேர் உள்பக்கத்தில், தடமே விழ வழியில்லாத உச்சியில், அதே சாம்பல் நிறத்தில் இன்னொரு தடமும் இருந்தது. இரு பக்கவாட்டுகளும் புதுக்கருக்கு மாறாமல் மின்னின. வளையத்தை மேலிருந்தும் கீழிருந்தும் ஏதோ நெரித்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது.

பேரிங்கைத் தாங்கும் பெட்டியான பிளம்மர் பிளாக்கின் அடிப்பாகத்தையும் மூடியையும் துணியால் துடைத்துப் பார்த்தபோதுதான் இரண்டிலும் குத்தியிருந்த எண்கள் வேறு வேறு என்பது தெரிந்தது. அடிப்பாகமும் மூடியும் ஒன்றாகப் பூட்டப்பட்டே கடையப்படுவதால் அவை ஒரே ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். முந்தைய ஓவர்ஹாலில் ஃபேனின் இரண்டு பேரிங் பெட்டிகளையும் ஒரே நாளில் திறந்து, மூடிகளை ஒரே இடத்தில் கழுவி, மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பேரிங் இல்லாமல் மூடியை முடுக்கி, உள்விட்டத்தை இன்சைடு மைக்ரோமீட்டரால் அளந்தோம். கிடைமட்ட அளவைவிடச் செங்குத்து அளவு 0.06 மி.மீ. குறைவாக இருந்தது. அதன்பின் ஸ்டோர்ஸில் இருந்தவர்களிடம் நான் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன்.

மோட்டார் பழுதுபார்ப்பவர்

டீசல் தட்டைப் பற்றிச் சொன்னது என் மனத்தில் இருந்த குறை. சாட்சியை நாமே அழித்துவிட்டுக் காரணத்தைத் தேடுகிறோம். என்னிடம் ஓராண்டுக்குள் இரண்டு முறை வந்த ஒரு மோட்டாரில், முதல் முறை பேரிங்கை வெளியிலேயே மாற்றிவிட்டு வெறும் மோட்டாரை மட்டும் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் முறை பழைய பேரிங்கையும் பையில் போட்டு அனுப்பச் சொன்னேன். கிரீஸ் தார் போலக் கறுத்திருந்தது. வெளிவளையத்தை வெட்டித் திறந்ததும், ஓடுபாதையின் குறுக்கே சலவைப் பலகை போலச் சம இடைவெளியில் கோடுகள் இருந்தன. நகத்தை வைத்து இழுத்தால் தடக் தடக் என்று தட்டுப்பட்டது.

அந்த மோட்டாரை வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) மூலம் ஓட்டத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. டிரைவ் மிக வேகமாக மின்சாரத்தைத் திறந்து மூடுவதால் ஷாஃப்ட்டில் மின்னழுத்தம் சேர்ந்து, குண்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாயும். ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை உருக்கிவிட்டுப் போகும். கப்ளிங்குக்கு எதிர்ப்பக்கத்தில் மின்காப்புள்ள பேரிங்கையும், கப்ளிங் பக்கத்தில் ஷாஃப்ட்டைத் தொட்டு நிற்கும் எர்த்திங் பிரஷ்ஷையும் போட்டபின் அந்த மோட்டார் என்னிடம் திரும்பி வரவில்லை. எத்தனை உயர்ந்த பிராண்ட் பேரிங்கை வாங்கிப் போட்டிருந்தாலும் அதே கோடுகள்தான் விழுந்திருக்கும்.

பம்ப் ஹவுஸ் பொறுப்பாளர்

எங்கள் இடத்தில் பழி சுமந்தவர் ஒரு மூத்த ஃபிட்டர். பல மாதங்கள் ஸ்டாண்ட்பையாகவே நின்ற ஒரு பம்ப்பை, பக்கத்துப் பம்ப் நின்றுபோன அன்று ஓட்டியபோது அது கர்ரென்று இரைந்தது. பேரிங்கைத் திறந்து பார்த்தால், இரண்டு குண்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குச் சரியாக ஒவ்வொரு பள்ளம். சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார் என்று மேலாளர் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஃபிட்டர் ஒன்றும் பேசாமல் லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, பள்ளத்தின் அடியைப் பார்க்கச் சொன்னார். சுத்தியல் அடியால் விழுந்த பள்ளமாக இருந்தால், உலோகம் அமுங்கியிருக்குமே தவிர, தொழிற்சாலையில் கிரைண்டிங் செய்த நுண்ணிய கோடுகள் பள்ளத்துக்குள்ளும் தொடர்ந்து தெரியும். இங்கே அந்தக் கோடுகள் தேய்ந்து காணாமல் போயிருந்தன. ஓரங்களில் செந்தூள் போலத் துரு படிந்திருந்தது. அதாவது, பக்கத்துப் பம்ப்பின் அதிர்வு பேஸ் பிளேட் (பம்ப்கள் நிற்கும் அடித்தகடு) வழியாக வந்து, நின்றுகொண்டிருந்த குண்டுகளை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உரசவைத்திருக்கிறது. இப்போது இரண்டு பம்ப்களையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுகிறோம். ஓட்ட முடியாத வாரங்களில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, குண்டுகள் பழைய இடத்திலேயே வந்து உட்காராதபடி கால் சுற்று தள்ளி நிறுத்துகிறோம்.

முதலில் எழுதிய பொறியாளரிடம் ஒரு கேள்வி. மூடிகள் இடம் மாறியிருந்தன என்றால், ஃபேன் பக்கத்துப் பெட்டிக்கும் தவறான மூடிதானே போயிருக்கும்? அந்தப் பேரிங் எப்படித் தப்பியது?

இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்

தப்பவில்லை ஐயா. அந்தப் பக்கம் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டாததால் நாங்கள்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. உங்கள் கேள்விக்கு முன்பே மூடிகளை அவற்றின் உரிய அடிப்பாகங்களுக்கு மாற்றியபோது அதையும் திறந்தோம். அங்கே மூடி தளர்வாக இருந்ததால் வெளிவளையம் பெட்டிக்குள் மெல்ல மெல்லச் சுற்றியிருக்கிறது. அதன் வெளிப்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது, பெட்டியின் உட்சுவரில் பழுப்புத் தூள் படிந்திருந்தது. பேரிங்கை மாற்றினோம், பெட்டியின் உள்விட்டம் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.