அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸோட கருப்பு வெள்ளப் படத்துல வானம் எப்படி அவ்ளோ கருப்பா வருது?

குட்டிகேமரா:
கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி மலைப்பகுதில அவர் எடுத்த ஹாஃப் டோம் பாறை படம் இருக்குல்ல, பகல்ல எடுத்ததாம் ஆனா வானம் ராத்திரி மாதிரி இருக்கு. நான் எடுத்து கலர நீக்கினா வானம் வெளிறிப்போயி சாம்பல்தான் மிஞ்சுது. எல்லாம் இருட்டறைல பிரிண்ட் போடறப்ப செய்யற வேலையா? ஜோன் சிஸ்டம்னா என்னன்னும் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

மலைக்கிறுக்கன்:
சிவப்பு ஃபில்டர்ங்க. 1927 ஏப்ரல்ல ஃபிலிமுக்குப் பதிலா கண்ணாடி பிளேட்டெல்லாம் சுமந்துக்கிட்டு மலையேறி, கடைசில கையில மிஞ்சுனது ரெண்டே பிளேட்டு. மொதல்ல மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தாரு, எடுத்ததுமே மனசுல இருக்கற பாறை இதுல வராதுன்னு தோணிருச்சு, மிச்சம் இருந்த ஒரு பிளேட்ட அடர் சிவப்புல எடுத்தாரு. சிவப்பு நீல வெளிச்சத்த தடுத்துரும், அதான் வானம் கருப்பு. நீங்க கலர நீக்க சாச்சுரேஷன குறைக்காம, எடிட்டிங் ஆப்ல கருப்பு வெள்ளைக்கு மாத்தி அதுல இருக்கற நீல ஸ்லைடர மட்டும் இறக்குங்க. மேகமூட்டமா இருந்தா ஒண்ணும் நடக்காது, சொல்லிட்டேன்.

பழைய ஃபிலிம்காரன்:
ஜோன் சிஸ்டம்னா படத்துல எந்த இடம் எவ்ளோ கருப்பா வெளுப்பா வரணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வெளிச்சத்த அளக்கற முறை, ஃப்ரெட் ஆர்ச்சர்ங்கற ஃபோட்டோகிராஃபரும் ஆடம்ஸும் சேந்து 1940 வாக்குல உருவாக்குனது. வெளிச்சத்த அளக்கற மீட்டர் ஒரு மடையன், பனிய காட்டுனாலும் கரிய காட்டுனாலும் நடு சாம்பல்னுதான் நெனச்சுக்கும். சுத்தக் கருப்பு 0, வெள்ள 10, அந்த சாம்பல் 5, படிக்கு ஒரு ஸ்டாப், அதாவது ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு. நிழல்ல விவரம் தெரியணும்னா அத 3-ல வைக்கணும், அதாவது நிழல அளந்துட்டு மீட்டர் சொல்றதவிட ரெண்டு ஸ்டாப் கம்மி. வெள்ளப் பக்கம் எரிஞ்சு போகாம இருக்க ஃபிலிம டெவலப் பண்ற நேரத்த குறைப்பாங்க. டிஜிட்டல்ல தலைகீழ், வெள்ளைய காப்பாத்திட்டு நிழல அப்புறம் தூக்கிக்கலாம்.

சும்மாபாக்கறவன்:
இருட்டறையும் உண்டுங்க, ஃபில்டர் மட்டும்னு சொல்லிறாதீங்க. 1941-ல நியூ மெக்சிகோல ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேல நிலா வந்த படம், மீட்டர தேடுனா கெடைக்கல, நிலாவோட வெளிச்ச அளவு சதுர அடிக்கு 250 கேண்டில்னு ஞாபகம் இருந்ததால அத வச்சே கணக்கு போட்டு ஒண்ணு எடுத்தாரு, ரெண்டாவதுக்கு ஃபிலிம் ஹோல்டர திருப்பறதுக்குள்ள கல்லறை சிலுவைமேல இருந்த வெயில் போயிருச்சு. அந்த ஒரே நெகட்டிவ்ல மொதல்ல போட்ட பிரிண்ட்ல வானம் வெளிறித்தான் இருக்கும், வருஷம் போகப்போகத்தான் கருப்பாக்குனாரு. மனுஷன் பியானோக்காரர் வேற, நெகட்டிவ்தான் இசைக்குறிப்பு, பிரிண்ட்தான் வாசிப்புன்னு சொல்லுவாரு.

குட்டிகேமரா:
நீலத்த இறக்குனேன், வந்துருச்சு! ஆனா மலை ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு விழுது?

மலைக்கிறுக்கன்:
ஒரேடியா இறக்கிட்டீங்க போல, பாதி போதும்.