கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு உளவியல் பக்கம் போகலாமா?

பெருந்துறை_நிலா கேட்டது:

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கோடிங் பிடிக்கும், மார்க்கும் வருகிறது. ஆனால் போன மாதம் வீட்டில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அத்தை ஒரு ஆப்பில் கரண்ட் பில் கட்டினார். பொத்தானை அழுத்தினார், திரையில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழெட்டு விநாடி பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். 1,840 ரூபாய் இரண்டு தடவை போய்விட்டது. திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குத்தான் இதெல்லாம் வராது கண்ணு." இருபது வருடமாகத் தைப்பவர் அவர். ஆளைப் பார்த்தே ஜாக்கெட் அளவு சொல்லிவிடுவார்.

அழுத்தியதும் பொத்தானை முடக்க ஒரு வரி போதும், எனக்கே எழுதத் தெரியும். ஆனால் அத்தை மாதிரி ஒருவர் அங்கே காத்திருப்பார் என்று யோசிக்க எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. தேடிப் பார்த்ததில் மென்பொருளோடு உளவியலும் பயனரை மையமாக வைத்த வடிவமைப்பும் சேர்த்துப் படிக்கலாம் என்று தெரிகிறது. நிஜமாகவே உளவியல் படிக்க வேண்டுமா, எங்கே படிப்பது, வேலை கிடைக்குமா? அப்பா "நாலு வருஷம் இதப் படிச்சுட்டு அப்புறம் அதையா?" என்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சேலத்து_டெவலப்பர் எழுதியது:

முதலில் டிகிரியை முடித்து ஒரு வேலையில் சேருங்கள். யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலைக்கு நான் இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். உளவியல் டிகிரி இருக்கிறதா என்று நாங்கள் யாரையும் கேட்டதில்லை. செய்த வேலையைத்தான் காட்டச் சொல்வோம். டிசைன் கருவிகளை மூன்று மாதத்தில் பழகிவிடலாம். இன்னொரு டிகிரிக்கு இரண்டு வருடமும் பணமும் செலவழிக்கும் முன் நன்றாக யோசியுங்கள். அக்கறையோடுதான் சொல்கிறேன்.

கோபி_வாசுகி எழுதியது:

நிலா, உங்கள் அத்தை சொன்னதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் எதிர்த்திசையிலிருந்து வந்தவள். பி.எஸ்சி. உளவியல் படித்துவிட்டு எம்.சி.ஏ. சேர்ந்தேன். பதினோரு வருடமாகக் கோடு எழுதுகிறேன். அதில் பாதி நேரம், அடுத்தவர் போனை எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை.

சேலத்து நண்பர் கருவியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உளவியல் எதற்கு என்பதை என் முதல் வேலையை வைத்துச் சொல்கிறேன்.

அது ஒரு சின்ன கம்பெனி. பால் சொசைட்டிகளுக்கு ஆப் செய்தோம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த மற்ற சத்து) எவ்வளவு என்று பதிவு செய்யும் பக்கத்தை எழுதியவள் நான். ஆபீஸில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒரு பிழையும் வரவில்லை. கொடுத்த இரண்டாவது வாரம் சொசைட்டியிலிருந்து போன்: "கணக்கு தப்புத் தப்பா வருதுங்க." இன்னொரு முறை டிரெய்னிங் கொடுத்துவிடலாம் என்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். ஒரு நாள் மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

காலை ஐந்தரை மணி. சுவரோரமாக நின்றுகொண்டேன். எழுபது எண்பது பேர் கேனும் தூக்குப்போசியுமாக வரிசையில் நிற்கிறார்கள். பதிவு செய்யும் அண்ணனுக்கு ஒரு கையில் சாம்பிள் பாட்டில், இன்னொரு கையில் போன். விரலெல்லாம் பால் ஈரம். ஈர விரல் பட்டால் திரை ஒன்று எடுக்கவே எடுக்காது, இல்லையென்றால் பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளும். தோளில் கிடக்கிற துண்டில் துடைப்பார், ஒரு எண் அடிப்பார், மறுபடி துடைப்பார். மெஷினில் ஃபேட் 4.2 என்று காட்டுகிறது. அவர் 4 அடித்தார். புள்ளி எங்கள் கீபேடில் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது, அழுத்தினார், படவில்லை. 2 அடித்தார். திரையில் 42.

உடனே எங்கள் ஆப் சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி காட்டியது. அதோடு விட்டதா? அந்த உறுப்பினருக்கு அதுவரை தேடி எடுத்த பெயர், அடித்த லிட்டர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கச் சொன்னது. பின்னாலிருந்து "சீக்கிரம் ஆகட்டும்ப்பா, பஸ்ஸு போயிரும்" என்று குரல். அடுத்தடுத்து மூன்று பேருக்கு இதே மாதிரி ஆனதும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: புள்ளியும் வேண்டாம், 2ம் வேண்டாம் என்று வெறும் 4 அடித்துச் சேமித்தார். ஆப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

கணக்கு தப்பிய இடம் அதுதான். 4.2 இருந்த பாலுக்கு 4.0 என்று ஏறியது. ஃபேட் குறைந்தால் லிட்டருக்கு விலையும் குறையும். அன்று எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கேனில் இருந்தது மூன்றரை லிட்டர். அவருடைய காசு நான் எழுதிய பக்கத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. அந்தக் காலையை நான் மறக்கவே இல்லை.

அந்த அண்ணனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதா? அங்கே நோட்டில் பல வருடம் கணக்கு எழுதியவர். தவறுகளை உளவியலில் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். நினைத்ததே தப்பாக இருப்பது ஒரு வகை. சரியாக நினைத்தும் கை தவறிவிடுவது இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் டிரெய்னிங் உதவும். இரண்டாவதற்கு எத்தனை டிரெய்னிங் கொடுத்தாலும் பயனில்லை, பொருளைத்தான் மாற்ற வேண்டும். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக எழுதினேன். சொசைட்டி சுவரோரம் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது.

அப்புறம் புள்ளி அடிக்கும் வேலையையே எடுத்துவிட்டோம். 42 அடித்தால் 4.2 என்று பெரிய எழுத்தில் தானே வரும். எண் பொத்தான்களைத் திரையின் பாதி அளவுக்குப் பெரிதாக்கினோம். தவறு வந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் நிறம் மாறும், மற்றது எதுவும் அழியாது. பெயரைப் பட்டியலில் தேடச் சொன்னதை விட்டுவிட்டு, அவர்கள் பழைய நோட்டில் இருந்த மாதிரி உறுப்பினர் எண்ணை வைத்தோம். கோடு என்று பார்த்தால் இரண்டு நாள் வேலை. அதில் முதல் வரியை ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். பார்க்கவும் தெரிந்து, பார்த்ததை அன்றைக்கே மாற்றவும் தெரிந்தால் எவ்வளவு நடக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த மாதிரி பார்வை கம்ப்யூட்டருக்கு முன்பே தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, சில விமானிகள் இறக்கை மடிப்புக்கு (ஃப்ளாப்) பதிலாகச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானம் வயிறு தரையில் மோத விழும். விமானிகளின் கவனக்குறைவு என்றுதான் முதலில் எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் இருக்கைக்கு முன்னால் இருந்ததைக் கவனித்தார். சக்கரத்துக்கும் மடிப்புக்குமான பிடிகள் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் ஒரே மாதிரி. சக்கரப் பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், மடிப்புப் பிடியில் ஆப்பு வடிவத் துண்டு மாட்டச் சொன்னார். இருட்டில் தொட்டாலும் எது எது என்று கைக்குத் தெரியும். அந்தக் குழப்பம் நின்றது. விமானங்களில் சக்கரத்துக்கான பிடி இன்றைக்கும் சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

உளவியல் என்றதும் மனநோய், கவுன்சலிங் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். உங்களுக்கு வேண்டிய பகுதி வேறு: கவனம், நினைவு, புலனறிவு, பரிசோதனை முறைகள். புள்ளியியலை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எந்த நிறம் எந்த உணர்ச்சியைத் தூண்டும் என்று சுற்றி வருகிற பதிவுகளில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். அதைவிட 1954இல் பால் ஃபிட்ஸ் (Paul Fitts) என்ற உளவியலாளர் அளந்து சொன்ன ஒரு விதியைப் படியுங்கள்: தொட வேண்டியது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கை போய்ச் சேரும் நேரம். என் கீபேடின் மூலைப் புள்ளிக்கு அதிலேயே பதில் இருந்தது. உங்கள் அத்தை விஷயத்துக்கும் பதில் உண்டு. பத்தில் ஒரு விநாடிக்குள் திரை அசைந்தால்தான் "நான் அழுத்தியதால் நடந்தது" என்று மனதுக்குப் படும். ஒரு விநாடி தாண்டினால் யோசனை அறுபடும், பத்து விநாடியில் கவனமே வேறு பக்கம் போய்விடும். யாக்கோப் நீல்சன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் 1993லேயே இதைத் தொகுத்து எழுதிவிட்டார். உங்கள் அத்தை ஏழெட்டு விநாடி பொறுமையாகக் காத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்பாவிடம் டான் நார்மன் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். பிறகு 1962இல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1993இல் ஆப்பிளில் சேர்ந்தார். இன்று எல்லோரும் சொல்லும் "யூசர் எக்ஸ்பீரியன்ஸ்" என்ற பெயரை வேலைப் பதவியில் முதலில் வைத்துக்கொண்டவர்களில் அவர் ஒருவர். இன்ஜினியரிங் படித்தது அவருக்கு எங்கேயும் வீணாகவில்லை.

படிப்புக்கு வருகிறேன். சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது, ஜனவரியில் வரும். கடைசி வருட மாணவர்களும் எழுதலாம், வயது வரம்பு இல்லை. ஏ பகுதியில் தேறினால்தான் பி பகுதித் தாளைத் திருத்துவார்கள். பி பகுதியில் பென்சிலால் வரைய வேண்டியிருக்கும், இப்போதே தினம் அரை மணி நேரம் கை பழக்குங்கள். அதன் வழியாக எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுகலை) போகலாம். பம்பாயில் இன்டராக்ஷன் டிசைன் (ஆளும் கருவியும் பழகும் விதத்தை வடிவமைப்பது) என்று தனிப் பிரிவே இருக்கிறது. மனம் பற்றிய அறிவியல்தான் அதிகம் வேண்டும் என்றால் ஐஐடி காந்திநகரில் இரண்டு வருட எம்.எஸ்சி. காக்னிட்டிவ் சயின்ஸ் உண்டு.

பெருந்துறை_நிலா எழுதியது:

அக்கா, இதை அப்பாவிடம் முழுசாக வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் இரண்டு மாடு இருக்கிறது. ஃபேட் வந்த இடத்தில் "அதான பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேரலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். சேரலாமா?

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

உளவியல் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன், அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். 2021இல் வந்த துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியலும் வருகிறது. அதனால் 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர, இணையவழிப் படிப்பாக நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. உங்கள் சீனியர் அதற்கு முன்பு சேர்ந்தவராக இருப்பார். இப்போது யாராவது விளம்பரம் காட்டினால் யுஜிசி தளத்தில் பார்த்துவிட்டே பேசுங்கள்.

அதுவரைக்கும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி குவஹாத்தி தரும் பயனர் மையக் கணினியியல் பாடத்தைப் பாருங்கள். வீடியோவுக்குக் காசு இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

வடலி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். யூசிஎல்லில் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) கணினியும் உளவியலும் சேர்ந்த இந்தப் படிப்பை முடித்தேன். அங்கே இதற்கென்று இருக்கும் மையத்தைக் கணினித் துறையும் உளவியல் துறையும் சேர்ந்து 2001இல் தொடங்கினார்கள். என் குழுவில் உளவியல் படித்து வந்த பிள்ளைகளுக்குக் கோடு பயம், எங்களுக்கு ஆட்களோடு கதைக்கப் பயம். ரயில் டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் மூன்று நாள் நின்று குறிப்பெடுத்ததில்தான் எனக்கு அந்தப் பயம் போனது. செலவு மிகப் பெரிது, தங்கச்சி. உதவித்தொகை கையில் கிடைத்த பிறகு மட்டும் வெளிநாட்டை யோசியுங்கள்.

பெருந்துறை_நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசி வருட ப்ராஜெக்டாகத் தையல்காரர்கள் அளவும் பாக்கியும் குறித்துவைக்க ஒரு ஆப் செய்யப்போகிறேன். அந்த வருட ஜனவரியில் சீட் எழுதுகிறேன். சனிக்கிழமை அத்தை வருகிறார். காகிதத்தில் வரைந்த திரைகளை வைத்து அவரிடம்தான் முதலில் சோதிக்கப்போகிறேன்.

கோபி_வாசுகி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் நிலா. "சோதனை" என்ற வார்த்தையை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள், தன்னைச் சோதிப்பதாக நினைத்துக்கொள்வார். "நான் வரைஞ்சதுல எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க அத்தை" என்று கேளுங்கள். "புரியுதா", "நல்லாருக்கா" என்று கேட்டால் உங்கள்மேல் உள்ள பாசத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இத அழுத்துனா அடுத்து என்ன வரும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் தயங்கும்போது உதவி செய்யக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொண்டு, எந்த இடத்தில் தயங்கினார் என்று எழுதிவையுங்கள். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி, கையில் துணியோடு இருக்கும்போதே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்புகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.