சிங்கப்பூர் காலாங் ஆற்றோரக் குழு: சனிக்கிழமை துப்புரவு

லதா: பீஷான் பூங்காவுல ஆத்தோரச் செடி இடுப்பு உயரம் வளந்துடுச்சு. சனிக்கிழமை வர்ற தொண்டூழியர்களை வச்சு வெட்டிடலாமா?

முத்து அண்ணன்: வேண்டாம்மா. அந்தச் செடிதான் கரை. முன்னாடி 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயா இருந்ததை வளைஞ்சு ஓடுற 3.2 கிலோமீட்டர் ஆறா மாத்தினாங்க. இப்ப மண்ணைப் பிடிச்சு நிறுத்துறது வேர்தான்.

கமலா அக்கா: 2009-ல பூங்காவுக்குள்ளேயே 60 மீட்டர் வடிகால்ல பத்து முறைகளைச் சோதிச்சு, ஏழைத்தான் எடுத்துக்கிட்டாங்க. குச்சிகளைக் கட்டாக் கட்டிப் புதைக்கிறது, கம்பிவலைக் கூடையில கல்லை நிரப்பி இடுக்குல செடி நடுறது, நாணல் உருளை பதிக்கிறது, மண்ணைத் துணியில சுத்தி அடுக்குறதுன்னு இடத்துக்கு ஒண்ணு. செடி போன இடத்தைத்தான் அடுத்த வெள்ளம் அறுக்கும், முக்கியமா வளைவோட வெளிப்பக்கம்.

லதா: அப்ப யார்கிட்ட சொல்றது அக்கா? ஆறு ஒருத்தர் பொறுப்பு, பூங்கா இன்னொருத்தர் பொறுப்பாச்சே.

முத்து அண்ணன்: கால்வாயா இருந்தப்ப வேலிதான் எல்லை. வேலியை எடுத்ததும் ஒரே நிலம் வெயில் நாள்ல பூங்கா, மழை நாள்ல ஆறு. அதனாலதான் ஆத்தைப் பாக்குற பொதுப் பயனீட்டுக் கழகமும் பூங்காவைப் பாக்குற தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்தே இதைச் செஞ்சாங்க. நீ அரசாங்கத்துக்குப் புகார் சொல்ற ஒன்சர்வீஸ் செயலியில படமும் இடமும் போடு, உரிய இடத்துக்குப் போயிடும். "செடி அதிகம்"னு மட்டும் எழுதாதே. எந்தப் பாலத்துலேருந்து எவ்வளவு தூரம், நடைபாதையை மறைக்குதா, மண் வெளியே தெரியுதான்னு எழுது. மண் தெரியுறதுதான் அவசரம்.

ரஃபி: கொசு வருதுன்னுதான் பலரும் வெட்டச் சொல்றாங்க. ஓடுற தண்ணியில டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு வளராது. கப், சாப்பாட்டு டப்பா, குடைத் துணி, இதுல தேங்குற தண்ணிதான் ஆபத்து. பொறுக்கினதும் தண்ணியைப் புல்லுல கொட்டிட்டுப் பையில போடுங்க.

கமலா அக்கா: இருவர் இருவரா போங்க. ஒருத்தர் நீள இடுக்கி, ஒருத்தர் பை. கையுறை, மூடின காலணி கட்டாயம். கரைச் சரிவுல இறங்கவே கூடாது, நாலு பேர் நடந்தாலே செடி மடிஞ்சு ஒத்தையடிப் பாதை விழும், மழைத்தண்ணி அது வழியா மண்ணை இழுக்கும். எட்டுற தூரத்துல செடியில சிக்கின பிளாஸ்டிக்கை இழுக்காதீங்க, வேரோட வந்துடும். கத்தரியால அறுத்து எடுங்க. பை முக்கால் நிறைஞ்சா முடிச்சுப் போடுங்க. கண்ணாடிக்குத் தனி வாளி.

கமலா அக்கா: எந்த வடிகால் வாய்கிட்ட என்ன குப்பை, எத்தனை பைன்னு குறிச்சுக்கோங்க. ஒரே வாய்கிட்ட மாசாமாசம் சாப்பாட்டு டப்பா வந்தா, அந்த வடிகாலுக்கு மேலே போய்த்தான் சரி பண்ணணும். இந்தக் கணக்கு இருந்தாத்தான் கழகத்துக்காரங்களும் சட்டுனு வேலையில இறங்குவாங்க. இந்தத் தண்ணி கடைசியா மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போய் நம்ம குழாய்க்குத்தான் வருது.

ரஃபி: மழை விஷயம். இங்க வெயில் அடிச்சாலும் மேற்பகுதியில பெஞ்சா போதும், மட்டம் மளமளன்னு ஏறும். பழைய கால்வாய் 17 முதல் 24 மீட்டர் அகலம். இப்ப வெள்ளத்துல 100 மீட்டர் வரைக்கும் பரவ இடம் இருக்கு, அதாவது நம்ம நிக்கிற புல்வெளியும் ஆறுதான். மட்டம் ஏறினா கருவி கண்டுபிடிச்சு விளக்கு எரியும், சைரன் அடிக்கும். அடிச்சதும் பையை அப்படியே விட்டுட்டு சிவப்பு அடையாளத்துக்கு மேலே ஏறுங்க.

லதா: மீனுக்கு ரொட்டி போடுறவங்க, ஆமை விடுறவங்களை என்ன பண்றது?

முத்து அண்ணன்: சண்டை வேண்டாம். மிச்ச ரொட்டி அழுகினா பாசி பெருகும், தண்ணியில ஆக்சிஜன் குறையும், அவங்க ஊட்டுற மீன்தான் முதல்ல சாகும்னு சொல்லு. கடையில வாங்கி விடுற செங்காது ஆமையில பலதும் பிழைக்காது, பிழைச்சது இங்கத்திய உயிர்களோட இரையைப் பறிக்கும். விசாக தினத்தை ஒட்டி, விலங்குகளை வெளியே விடாதீங்கன்னு சொல்ற 'ஆபரேஷன் நோ ரிலீஸ்' இயக்கத்துல தொண்டூழியர்கள் இதைத்தான் பேசுறாங்க. நாமளும் நாலு பேரை அனுப்பலாம்.

லதா: சரிண்ணே. அறிவிப்புல "செடி வெட்டுதல்" எடுத்துட்டேன். இடுக்கி 12, கத்தரி 6, வாளி 2. காலை 7.30. குறிப்பேடு யாரு?

ரஃபி: நான் எடுத்துட்டு வர்றேன். முந்தின நாள் ராத்திரி கனமழைன்னா காலை 6.30-க்கு இந்தக் குழுவிலேயே ரத்துன்னு போடுறேன்.