சென்சிட்டிவ் பீரியட்: ‘பதக்காலம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தையின் மூளை ஒரு திறனை எளிதாகக் கற்றுக்கொள்ளும் வளர்ச்சிக் காலத்தை ஆங்கிலத்தில் ‘சென்சிட்டிவ் பீரியட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழாக, அங்கன்வாடித் தாய்மார்களுக்கான நம் துண்டறிக்கையில் ‘நெருக்கடிக் காலம்’ என்று போடலாம் என முன்மொழிந்த ஐயாவுக்கு: மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லை நான் ஒருமுறை மேடையில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு கூட்டத்தில் ‘முதல் மூன்று ஆண்டு மூளையின் நெருக்கடிக் காலம்’ என்று படித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண், “எம்புள்ளைக்கு மூணு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுக்கா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?” என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நெருக்கடி என்றால் நம் காதில் ஆபத்து, வயதானவர்களுக்கு 1975இன் நெருக்கடி நிலை. குழந்தை வளர்ப்பில் அந்தச் சொல் வேண்டாம்.

என் பரிந்துரை ‘பதக்காலம்’.

நான் மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவள். உழவுக்கு முன் அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து ‘பதமா இருக்கு’ என்பார், நாலு நாள் வெயிலில் விட்டால் ‘பதம் தப்பிப்போச்சு’. சோற்றுக்கும் வெல்லப்பாகுக்கும் அதே சொல்தான். நாம் செய்வதை ஒரு பொருள் எளிதாக ஏற்றுக்கொள்ளும் வேளை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, சென்சிட்டிவ் பீரியடில் மூளையும் அப்படித்தான், கேட்பதையும் பார்ப்பதையும் தொடுவதையும் கொண்டு நரம்பிணைப்புகளை மளமளவென்று அமைத்துக்கொள்கிறது. மேட்டூரில் ஜூன் 12 தாண்டியும் தண்ணீர் திறக்காவிட்டால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டாலும் பயிர் வரும், ஆனால் தூர் குறைவாகக் கட்டும், கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது.

மொழி விஷயத்தில் இது அழகாகத் தெரியும். 1984இல் வெர்க்கர், டீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ட, த இரண்டையும் காதால் பிரித்தறிந்தார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் அந்தத் திறன் போய்விட்டது, வீட்டில் கேட்காத வேறுபாடு என்பதால். பெரியவர்கள் பயிற்சியால் அதை ஓரளவு மீட்கிறார்கள், முற்றிய நாற்று மாதிரி. (நம் வீடுகளில் ல, ள, ழ மூன்றும் பிசகாமல் பிள்ளையிடம் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.)

‘கிரிட்டிக்கல் பீரியட்’ என்று இன்னொன்று உண்டு, அது இதைவிடக் கறாரானது: அந்த வேளை தவறினால் பின்னால் ஈடுசெய்வது மிகக் கடினம். ஹ்யூபல், வீசல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை முதல் சில மாதம் மூடிவைத்துத் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணுக்கு ஏறக்குறைய மறுமொழியே தரவில்லை. வளர்ந்த பூனைக்கு அதேபோல் மூடியபோது அப்படி ஆகவில்லை. பார்வை குறித்த ஆய்வுகளுக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. பச்சிளங்குழந்தைக்குப் பிறவியிலேயே அடர்த்தியான கண்புரை இருந்தால் முதல் வாரங்களிலேயே அறுவை செய்ய மருத்துவர்கள் அவசரப்படுவதும் இந்தக் காரணத்தால்தான். கதிர் வெளிவரும்போது வயல் காய்ந்தால் பதர்தான், அப்புறம் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் நெல்லாகாது.

இந்தக் கிரிட்டிக்கல் பீரியடுக்குக் கும்பகோணத்து அக்கா சொன்ன ‘கெடுக்காலம்’ பொருளில் சரி, கெடு வைப்பது என்ற வழக்கும் உண்டு. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கெடுகாலம் என்றே கேட்கிறது. அதனால் ‘வரம்புப் பதக்காலம்’ என்கிறேன். நீளம்தான், ஆனால் இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக நிற்கும்.

இலக்கணத்தில் பதம் என்றால் சொல் ஆயிற்றே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். காலத்தோடு சேர்த்துச் சொல்லும்போது அந்தக் குழப்பம் வராது, தம்பி.

இன்னொன்று, எப்போதும் பன்மையில் எழுதுவோம்: பதக்காலங்கள். பார்வைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, திட்டமிடும் முன்மூளைப் பகுதியோ இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. துண்டறிக்கையில் ‘மூன்று வயதோடு முடிந்துவிடும்’ என்ற வரியை எடுத்தே ஆக வேண்டும்.

வேதாரண்யம், நாகை பக்கத்து நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் மணல்பாங்கான நிலத்திலும் மண்ணுக்குப் ‘பதம்’ என்றுதான் சொல்கிறீர்களா, வேறு சொல் உண்டா? ஆனி முடிவதற்குள் துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது.